வற்றும் நேரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,
ஆகஸ்டில் குடும்பத்தோடு மூன்று நாள் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வால் போகிறோம். வடகரையில் பத்து கடற்கரைகள் குறித்து வைத்திருக்கிறேன். எவற்றைத் தவறவிடக் கூடாது? குழந்தைகளுக்கு எட்டு வயது, ஐந்து வயது. நாங்கள் பெசன்ட் நகரில் வளர்ந்தவர்கள், கடல் பழக்கம் உண்டு.
ச.

அன்புள்ள ச.,

பட்டியலில் குறையில்லை. கடைசி வரிதான் எரிச்சலூட்டியது. பெசன்ட் நகர் உங்களுக்கு அலையைப் பழக்கியிருக்கும், ஓதத்தை, அதாவது கடல் ஏறி வற்றுவதை, பழக்கியிருக்காது. சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர். கார்ன்வால் வடகரை ஊரான நியூகீயில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஆறு மீட்டரைத் தாண்டும். இரண்டு மாடி உயரத் தண்ணீர்! இது தெரியாமல் பத்து பெயர் எழுதி வைத்து என்ன செய்ய?

வற்றத்திலிருந்து ஏற்றம் வர ஆறு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாகும். ஆனால் ஒரே சீராக ஏறாது. மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1 பங்கு. ஆறு மீட்டரென்றால் முதல் மணியில் அரை மீட்டர்தான். மூன்றாவதிலும் நான்காவதிலும் ஒன்றரை மீட்டர். ஐம்பதுக்கு ஒன்று சரிவுள்ள மணலில் அது 75 மீட்டர் கரையை விழுங்கும். முதல் மணியைப் பார்த்து ‘மெதுவாகத்தானே வருது’ என்று உட்காருபவர்கள்தான் மாட்டுகிறார்கள். தண்ணீர் நேர் எதிரே மட்டும் வருவதுமில்லை. பாறை முனைகளின் அடிப்பள்ளங்கள் முதலில் நிரம்பும். நீங்கள் இருக்கும் மணல் காய்ந்தே கிடக்கும், திரும்பும் வழி அடைபட்டிருக்கும்.

இன்னொன்று. அந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய வற்றங்கள் கோடை நேரப்படி (அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைப்பார்கள்) பகல் ஒரு மணி வாக்கில் வரும். சாப்பிட்டுவிட்டு நிதானமாக இறங்கினால் வேகமான மணிகளில், மூன்றிலிருந்து ஐந்துக்குள், சரியாகச் சிக்குவீர்கள். ஓத அட்டவணை கிரீன்விச் நேரத்தில் இருந்தால் ஒரு மணி கூட்டுங்கள். ஏற்கெனவே கூட்டிய அட்டவணையில் மறுபடி கூட்டுவதுதான் ஆபத்து. வற்றம் இன்னும் வரவில்லை என்று நினைப்பீர்கள், அது முடிந்து ஒரு மணி ஆகியிருக்கும்.

கடற்கரைகளில் சேப்பல் போர்த்தை வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் அங்கே மணலே அநேகமாக இருக்காது. வற்றத்தில் பக்கத்துக் கடற்கரையான போர்த்டோவன் வரை நடக்கலாம். வற்றத்துக்கு இரண்டு மணி முன்பு இறங்கி, வற்ற நேரத்தில் திரும்பும் நடையில் இருங்கள். பெட்ருதனை மேலிருந்து பாருங்கள், போதும். பாறை சரிவதால் அங்கே மணலுக்கு இறங்கும் படிகளை மூடியதுண்டு. போர்த்கர்னோ வடகரையே அல்ல, ஆனாலும் போகலாம்: 1870இல் பம்பாயோடு இணைத்த தந்திக் கம்பி கரையேறிய இடம். மற்றவற்றை அடித்துவிடுங்கள்.

குளிப்பதென்றால் சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும். கறுப்பு-வெள்ளைக் கட்டங்கள் அலைப்பலகைக்காரர்களுக்கு. ஆகஸ்டிலும் தண்ணீர் 16, 17 டிகிரிதான், சின்னவனோ சின்னவளோ, வெட்சூட் (குளிர் தாங்கும் நீச்சலுடை) இல்லாமல் இறக்காதீர்கள். யாராவது மாட்டினால் அவசர எண் 999ஐ அழைத்து ‘கோஸ்ட்கார்டு’ (கடலோர மீட்புப் படை) என்று கேளுங்கள். பின்னாலேயே நீந்திப் போகும் வீரம் வேண்டாம்.

போகும் தேதிகளை எழுதவில்லையே. பௌர்ணமி என்றைக்கு என்று முதலில் காலண்டரைப் பாருங்கள்.