போன் போனாலும் கணக்கு போகக் கூடாது: லாகின் பாதுகாப்பு பற்றிய கேள்வி பதில்

மும்பை அந்தேரியில் ஒரு கம்பெனியில் லாகின் பாதுகாப்புதான் 14 வருஷமாக என் வேலை. கேட்க வேண்டியதைக் கேளுங்கள் என்று போன வாரம் சொன்னேன், மாட்டுங்கா, தாராவி, செம்பூர், முலுண்ட் என்று எல்லாப் பக்கமிருந்தும் கேள்விகள் வந்துவிட்டன. எனக்குத் தெரிந்ததற்கு மட்டும் பதில் சொல்கிறேன். முதலிலேயே ஒன்று: எந்தக் கணக்குக்கு எந்தப் பூட்டைப் போட்டாலும், அன்றைக்கே மீட்புக் குறியீடுகளை, அதாவது போன் கையில் இல்லாத நாளில் உள்ளே போகத் தளம் தரும் எண்களை, தாளில் எழுதி வையுங்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி வருகிறதே, அது போதாதா? ஆதென்டிகேட்டர் ஆப் எதற்கு? (தாராவி, கல்லூரி மாணவர்)

தம்பி, வெறும் பாஸ்வேர்டோடு விடுவதற்கு எஸ்எம்எஸ் ஓடிபி எவ்வளவோ மேல். ஆனால் அது உன் போனைத் தேடி வருவதில்லை, உன் நம்பரைத் தேடி வருகிறது. உன் பெயரில் யாராவது டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டால் ஓடிபி எல்லாம் அவன் கைக்குத்தான் போகும். 2019 ஆகஸ்ட்டில் ட்விட்டரின் தலைவர் ஜாக் டோர்சியின் கணக்கையே இப்படி அவருடைய நம்பரை வசப்படுத்தித்தான் பிடித்தார்கள்.

ஆப் வேலை செய்யும் விதம் வேறு. நீ கியூஆர் கோடை ஸ்கேன் செய்யும்போது ஒரு ரகசியச் சாவி உன் போனில் பதிகிறது, அதே சாவி அந்தக் கம்பெனியிடமும் இருக்கிறது. இரண்டு பக்கமும் அந்தச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, 30 வினாடிக்கு ஒரு முறை 6 இலக்க எண்ணை உண்டாக்குகின்றன. நெட்வொர்க்கே தேவையில்லை, ஏரோப்ளேன் மோடில்கூட எண் வரும். நடுவில் எதுவும் அனுப்பப்படாததால் சிம்மைத் திருடி ஒரு பயனும் இல்லை.

ஆனால் சாவி அந்த ஒரு போனுக்குள் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் அனுபவித்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு சாயங்காலம், குர்லா தாண்டி சயான் வரும் முன்னால் லோக்கல் ரயில் மெதுவாக ஊர்ந்தது. கதவோரம் நின்று போனில் ஏதோ படித்துக்கொண்டிருந்தேன். தண்டவாளத்து ஓரக் கம்பத்தில் ஏறி நின்ற ஒருவன் குச்சியால் மணிக்கட்டில் ஓங்கி ஒரு அடி. ஃபட்கா என்பார்களே, அதுதான். போன் கீழே, வண்டி முன்னே. மறுநாள் சிம் கிடைத்துவிட்டது. ஆனால் என் முக்கிய மெயில் ஆதென்டிகேட்டர் எண்ணைக் கேட்டது, ஆப் இருந்ததோ போன போனில், மீட்புக் குறியீடுகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்ததும் அதே போனில். மூன்று வாரம் என் மெயிலுக்குள் நானே போக முடியவில்லை. வாடகை ஒப்பந்தம், அப்பாவின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

அதனால்தான் தாள் என்கிறேன். கூகுள் கணக்கில் கேட்டால் 8 இலக்கத்தில் 10 குறியீடுகள் தரும், ஒவ்வொன்றும் ஒரே முறைதான் செல்லும். பேனாவால் எழுதி ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள். கூகுள் ஆதென்டிகேட்டரில் 2023 ஏப்ரல் முதல் சாவிகளைக் கூகுள் கணக்கிலேயே காப்பு வைக்க முடிகிறது, நல்லது, ஆனால் அந்தக் கூகுள் கணக்குக்குள்ளேயே போக முடியாத நாளில் தாள்தான் கைகொடுக்கும்.

ஆப் காட்டும் எண்ணை அப்படியே போட்டாலும் தவறு என்று வருகிறது. (செம்பூர்)

போனின் கடிகாரம் பிந்தியோ முந்தியோ ஓடுகிறது, அக்கா. செட்டிங்ஸில் நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும்படி மாற்றுங்கள், சரியாகிவிடும்.

பாஸ்கீ வைக்கச் சொல்லி எல்லாத் தளமும் கேட்கிறது. கைரேகை வைத்தால் என் ரேகை அவர்களிடம் போய்விடாதா? (முலுண்ட்)

போகாது. பாஸ்கீ என்பது பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்கள் போனில் இருக்கும் ஒரு சாவியால் நுழையும் வழி. கைரேகையோ முகமோ உங்கள் போனைத் தாண்டி எங்கும் போவதில்லை, உள்ளே இருக்கும் பெட்டியைத் திறந்து காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. அந்தப் பெட்டிக்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது, அதன் ஜோடிச் சாவி தளத்திடம் இருக்கிறது. தளம் ஒரு புதிரை அனுப்பும், உங்கள் சாவி அதில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பும். தளத்திடம் இருக்கும் சாவியை யாராவது திருடினாலும் அதை வைத்து உள்ளே நுழைய முடியாது.

இதில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் வேறு. ஆப்பில் வரும் 6 இலக்க எண்ணைக்கூட ஒருவன் போலித் தளம் கட்டி உங்களைத் தட்டச்சு செய்ய வைத்து, அந்த 30 வினாடிக்குள் உண்மைத் தளத்தில் போட்டுவிடலாம், இப்படிப் பறிகொடுத்த படித்தவர்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். பாஸ்கீ தளத்தின் முகவரியோடு கட்டப்பட்டது. முகவரியில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், பாஸ்கீ ஏமாறாது, கையெழுத்தே போடாது. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து இதற்கு ஆதரவு தருவதாக 2022 மே மாதம் அறிவித்தன. முக்கியமான மெயிலுக்கு இன்றே போடுங்கள். ஆனால் இரண்டு கருவிகளில் வையுங்கள், மீட்புக் குறியீட்டையும் எழுதுங்கள்.

தனியாக ஒரு செக்யூரிட்டி கீ வாங்கலாமா? (பவாய்)

லாகின் செய்யும்போது கம்ப்யூட்டரிலோ போனிலோ செருகும் சின்னச் சாவி அது. பத்திரிகையாளர், வக்கீல், கம்பெனிக் கணக்கு பார்ப்பவர் என்றால் வாங்கலாம். கூகுள் தன் ஊழியர்கள் 85,000 பேருக்கும் மேலானவர்களுக்கு இந்தச் சாவியைக் கட்டாயமாக்கிய பிறகு வேலைக் கணக்கு ஒன்றுகூட ஃபிஷிங்கில், அதாவது போலித் தளம் காட்டி ஏமாற்றுவதில், போகவில்லை என்று 2018இல் சொன்னது. வாங்கினால் இரண்டாக வாங்குங்கள், ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

எங்கள் ஆபீஸில் 90 நாளைக்கு ஒரு தடவை பாஸ்வேர்டை மாற்றச் சொல்கிறார்கள். (பாந்த்ரா குர்லா)

பழைய பழக்கம். அமெரிக்காவில் தரநிலைகளை வகுக்கும் நிஸ்ட் என்ற அரசு நிறுவனத்தில் பில் பர் என்பவர் 2003இல் எழுதிய வழிகாட்டுதலிலிருந்து பரவியது. தான் எழுதியதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக 2017இல் அவரே சொன்னார். அதே வருஷம் நிஸ்ட்டும், திருட்டுப் போன அடையாளம் இருந்தாலொழிய அடிக்கடி மாற்ற வைக்காதீர்கள், நீளத்துக்கு முக்கியத்துவம் கொடுங்கள் என்று திருத்திக்கொண்டது. மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசி எண்ணைத்தான் ஒன்று கூட்டுகிறார்கள். உங்கள் ஐடி ஆட்களிடம் இதைத் தைரியமாகப் பேசுங்கள்.

தம்பி, பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பையன் திட்டுகிறான். (மாட்டுங்கா, 71 வயது)

மாமா, எழுதி வைத்தது தவறே இல்லை. ஆனால் போன ஞாயிறு நேரில் அந்த நோட்டை எனக்குக் காட்டினீர்கள். பால் கணக்கு எழுதும் நீல அட்டை நோட்டு, கடைசிப் பக்கத்தில் பென்சிலால் 11 வரி. 11 வரியிலும் ஒரே பாஸ்வேர்டு, பேரன் பெயரும் அவன் பிறந்த வருஷமும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. எங்கோ ஒரு மளிகை ஆப்பில் திருட்டுப் போனால் அதே சொல்லை உங்கள் மெயிலில் போட்டுப் பார்ப்பார்கள், அதை இயந்திரமே செய்யும்.

இதை நான் ஏற்க மாட்டேன். 35 வருஷம் வங்கியில் இருந்தேன், எழுதி வைக்காதீர்கள் என்று ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் சொல்லியிருக்கிறேன். நீங்கள் எழுதச் சொல்கிறீர்கள். (செம்பூர், ஓய்வு பெற்றவர்)

ஐயா, ஏடிஎம் பின்னும் யுபிஐ பின்னும் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி, அவற்றை எங்கும் எழுதக் கூடாது, கார்டு வைத்திருக்கும் பர்ஸில் எழுதவே கூடாது. பின் என்பது 4 அல்லது 6 இலக்கம், நினைவில் நிற்கும். ஆனால் இப்போது ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு மின்கட்டணம், கேஸ், ரயில் டிக்கெட், வருமான வரி, பள்ளிக்கூடம் என்று 40 கணக்கு இருக்கிறது. எழுதாதே என்று சொன்னால் 71 வயது மனிதர் 40 பாஸ்வேர்டை மனப்பாடம் செய்ய மாட்டார், ஒரே பாஸ்வேர்டை 40 இடத்தில் போடுவார். எங்கோ இருந்து கணக்கை உடைக்கப் பார்க்கிறவனால் மாட்டுங்காவில் மாமாவின் பீரோவைத் திறக்க முடியாது.

வீட்டுக்குள்ளேயே திருடு நடக்காதா? எங்கள் வீட்டில் இரண்டு பேயிங் கெஸ்ட் இருக்கிறார்கள். (வாஷி)

அப்படியானால் உங்கள் வீட்டுக்கு நோட்டு வேண்டாம், எல்லாப் பாஸ்வேர்டையும் ஒரே தலைமைப் பாஸ்வேர்டுக்குள் பூட்டி வைக்கும் பாஸ்வேர்டு மேனேஜர் ஆப் போடுங்கள். நோட்டுதான் வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. எல்லாப் பாஸ்வேர்டின் முடிவிலும் ஒரே ஒரு சொல்லைச் சேருங்கள், அந்தச் சொல்லை மட்டும் எழுதாதீர்கள், மனசில் இருக்கட்டும். நோட்டு கிடைத்தவனுக்குப் பாதிதான் கிடைக்கும்.

அதுவே மேனேஜர் ஆப்பை உடைத்துவிட்டால் எல்லாம் போச்சே? (மறுபடியும் செம்பூர் ஐயா)

நியாயமான பயம். அதனால்தான் அதன் தலைமைப் பாஸ்வேர்டு நீளமாக, வேறு எங்கும் போடாததாக இருக்க வேண்டும், அதற்கு இரண்டாவது பூட்டும் வேண்டும். தொடர்பில்லாத நாலைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்துப் போடுங்கள். பழமொழி வேண்டாம், பாட்டு வரி வேண்டாம், எல்லாருக்கும் தெரிந்தது திருடனுக்கும் தெரியும். ஐயா, நாம் இருவரும் ஒன்றைத்தான் சொல்கிறோம் என்று நினைக்கிறேன். பணத்தை நேரடியாக எடுக்கும் பின் மனசில், மற்றவை பத்திரமான இடத்தில். மாமா, இந்த வாரம் மெயில் பாஸ்வேர்டை மட்டும் மாற்றுங்கள், மற்ற 10 வரி மெதுவாக மாறட்டும்.

வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓடிபி கேட்கிறார்கள், சொல்லலாமா? (கல்யாண்)

சொல்லக் கூடாது. எந்த வங்கியும் போனில் ஓடிபி கேட்காது.

கூரியர்காரர் கேட்டால்? (தானே)

டெலிவரிக்கென்று வரும் எண்ணை, பொருள் கையில் வந்த பிறகு நேரில் சொல்லலாம். வங்கி, மெயில், வாட்ஸ்அப் என்று போட்டு வந்த எண்ணைக் கூடாது. மெசேஜை முழுசாகப் படியுங்கள். கூரியர் வராததற்கு இந்த நம்பரை டயல் செய்யுங்கள் என்று *401* அல்லது *21* கொடுத்தால் செய்யாதீர்கள், உங்கள் அழைப்புகள் அவனுக்குத் திரும்பிவிடும். சந்தேகம் இருந்தால் ##002# டயல் செய்து எல்லாத் திருப்பலையும் ரத்து செய்யுங்கள்.

போலீஸ் என்று சொல்லி ஓடிபி கேட்டால்? (தாராவி)

கூடாது. இந்தக் கேள்வி இதோடு ஆறாவது. யார் கேட்டாலும் கூடாது, உங்கள் பிள்ளை குரலில் கேட்டாலும் வைத்துவிட்டு, பிள்ளையின் நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள்.

என் வாட்ஸ்அப் போய்விட்டது. எனக்குத் தெரிந்த எல்லாரிடமும் என் பெயரில் பணம் கேட்கிறார்கள். (சயான் கோலிவாடா)

முதலில் உங்கள் நம்பரை வைத்து மறுபடி வாட்ஸ்அப்பில் நுழையுங்கள். 6 இலக்க எண் உங்கள் சிம்முக்குத்தான் வரும், அதைப் போட்டதும் அவன் வெளியே போய்விடுவான். அவன் இரண்டாவது பின் ஒன்று வைத்திருந்தால் நீங்கள் 7 நாள் காத்திருக்க வேண்டி வரும், அந்த 7 நாளும் அவனாலும் உள்ளே வர முடியாது. இதற்குள் எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லுங்கள். யாராவது பணம் அனுப்பியிருந்தால் அவர் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிட வேண்டும், தாமதிக்கும் ஒவ்வொரு நிமிஷமும் பணம் அடுத்த கணக்குக்கு நகர்கிறது.

மற்றவர்கள் இன்றே வாட்ஸ்அப் செட்டிங்ஸில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடுங்கள், மெயிலையும் சேருங்கள். லிங்க்டு டிவைசஸ் பக்கத்தில் தெரியாத கம்ப்யூட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஏபிகே ஃபைல் வந்தது, திறந்துவிட்டேன். (அம்பர்நாத்)

நெட்டை அணையுங்கள், வேறு போனிலிருந்து வங்கிக்குக் கூப்பிட்டுக் கணக்கை நிறுத்துங்கள். ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நிறுவும் ஃபைல், அந்த ஆப் உங்கள் எஸ்எம்எஸ்ஸைப் படிக்கும், உங்களுக்கு வரும் ஓடிபி அவனுக்கும் போகும். போட்டோவை மட்டும் காப்பு எடுத்துவிட்டுப் போனை ரீசெட் செய்யுங்கள். பத்திரிகை படமாக வரும், ஏபிகேயாக வராது.

எஸ்எம்எஸ் ஓடிபியை ரிசர்வ் வங்கி ஒழிக்கப் போகிறதாமே? (காட்கோபர்)

ஒழிக்கவில்லை. 2025 செப்டம்பரில் வந்த விதிகள் 2026 ஏப்ரல் 1 முதலுக்கானவை. பாஸ்வேர்டு, ஓடிபி, கைரேகை போன்ற சரிபார்ப்புகளில் இரண்டு வேண்டும், ஒன்றாவது அந்தப் பரிவர்த்தனைக்கென்றே புதிதாக உண்டாவதாக இருக்க வேண்டும் என்கின்றன. எஸ்எம்எஸ் தவிர வேறு வழிகளையும் வங்கிகள் தரலாம்.

எந்த போன் வாங்கலாம்? (இரண்டு பேர்)

என் துறை இல்லை. எத்தனை வருஷம் செக்யூரிட்டி அப்டேட் தருவார்கள் என்று மட்டும் கடையில் கேளுங்கள்.

திடீரென்று சிக்னல் போய், அரை நாளாக வரவில்லை. (தாதர்)

பக்கத்தில் அதே கம்பெனி சிம் வேலை செய்தால் உடனே கஸ்டமர் கேருக்கு வேறு போனிலிருந்து கூப்பிடுங்கள், யாரோ உங்கள் பெயரில் சிம் மாற்றியிருக்கலாம். சிம் மாற்றிய பின் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் போகவும் வரவும் கூடாது என்பது விதி, அந்த அவகாசம் உங்களுக்காகத்தான் இருக்கிறது. உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று சஞ்சார் சாத்தி என்ற அரசுத் தளத்தில் பாருங்கள். திருட்டுப் போன போனை முடக்குவதும் அங்கேதான், அதற்குப் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண் வேண்டும், *#06# டயல் செய்து இப்போதே மீட்புத் தாளில் எழுதுங்கள்.

அம்மா திருநெல்வேலியில் தனியாக இருக்கிறார். வங்கிக் கணக்குக்கு என் நம்பரைக் கொடுத்திருக்கிறேன், ஓடிபி எனக்கு வருகிறது. சரியா? (மலாட்)

இப்படிச் செய்கிற வீடுகள் நம்மவர்களில் நிறைய. அம்மாவின் கைக்கு ஓடிபி வராததால் யாரும் அவரிடம் கேட்டு ஏமாற்ற முடியாது, அது உண்மைதான். ஆனால் அம்மாவின் பென்ஷன் எடுத்தார்களா, யாராவது கை வைத்தார்களா என்று அவருக்கே தெரியாது. உங்கள் போன் லோக்கலில் போய்விட்டால் அம்மாவின் கணக்கும் அன்றைக்கு முடங்கும்.

அம்மாவின் நம்பரே வங்கியில் இருக்கட்டும். நீங்கள் ஊருக்குப் போகும்போது அம்மாவோடு கிளைக்குப் போய்க் கூட்டுக் கணக்காக்குங்கள், பெரிய தொகையைத் தனிக் கணக்கில் வைத்து, செலவுக்கு மட்டும் ஒரு சின்னக் கணக்கில் யுபிஐ வையுங்கள், தினசரி வரம்பைக் குறையுங்கள். பணம் வாங்க யுபிஐ பின் போட வேண்டியதில்லை என்பதை அம்மாவுக்கு ஒரு ரூபாய் அனுப்பிக் காட்டிப் புரிய வையுங்கள். ஆதாரில் பயோமெட்ரிக்கை லாக் செய்யுங்கள், தேவைப்படும் அன்று திறந்தால் போதும். அம்மா போனின் கூகுள் கணக்குக் குறியீடு 10ஐயும் பெரிய எழுத்தில் எழுதி, ஒரு தாள் அம்மாவின் பீரோவில், ஒரு தாள் உங்கள் மலாட் வீட்டில்.