கிட்டார் வாசிக்கும் மகனுக்கு முதல் செலவு தியரிக்குத்தான்

பிளஸ் டூ முடித்த மகன் கிட்டாரும் கையுமாக இருப்பதாகவும், சித்தப்பாவும் மாமாவும் நிர்வாக ஒதுக்கீட்டில் கணினிப் பொறியியல் இடம் வாங்கச் சொல்லி நெருக்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானது. ஆயினும், பிள்ளை கேட்காத படிப்புக்காக நிலத்தை அடகு வைக்காதீர்கள் என்று நான் உறுதியாகச் சொல்வேன். அதே கடனில் அவனை வெளிநாட்டு இசைக் கல்லூரிக்கு அனுப்பும் யோசனைக்கும் என் பதில் இதுவே.

அவன் டேப் (கம்பியையும் ஃப்ரெட்டையும் எண்களால் காட்டும் குறிப்பு) பார்த்து நன்றாக வாசிக்கிறான், நோட்டேஷன் (ஐந்து கோடுகளில் எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்பு) தெரியாது என்கிறீர்கள். எந்தக் கம்பியில் எந்த ஃப்ரெட்டை, அதாவது கிட்டாரின் கழுத்திலுள்ள எந்தக் கட்டத்தை, அழுத்த வேண்டும் என்பதை டேப் சொல்லும். அந்த ஸ்வரம் எந்த ஸ்கேலுக்கு (ஸ்வர வரிசைக்கு) உரியது, கார்டில் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்களின் தொகுப்பில்) அதற்கு என்ன வேலை என்பதைச் சொல்லாது. பியானோவில் ஒரு ஸ்வரத்துக்கு ஒரே கட்டைதான். கிட்டாரிலோ, முதல் கம்பியை அழுத்தாமல் மீட்டும்போது எழும் 'ஈ' ஸ்வரமே இரண்டாம் கம்பியின் 5ஆம் ஃப்ரெட்டிலும், மூன்றாம் கம்பியின் 9ஆம் ஃப்ரெட்டிலும், நான்காம் கம்பியின் 14ஆம் ஃப்ரெட்டிலும் கிடைக்கிறது. போதாக்குறைக்கு, கிட்டாருக்கான இசை ஒலிப்பதைவிட ஒரு ஸ்தாயி மேலே எழுதப்படுகிறது. கைத்திறன் மிக்கவர்களும் தாளைப் பார்த்து வாசிக்கத் தயங்குவது இதனால்தான். தியரி, அதாவது மேற்கத்திய இசையின் இலக்கணம், கற்றவரோ வாசிப்பதோடு நில்லாமல் பாடம் சொல்லித் தரலாம், பிறர் மெட்டுக்குக் கார்ட் அமைக்கலாம், குழுவினருக்கு நோட்டேஷன் எழுதிக் கொடுக்கலாம்.

லண்டனின் ஏபிஆர்எஸ்எம் என்ற இசைத் தேர்வு வாரியம் தியரியின் முதல் ஐந்து கிரேடுகளுக்கான (படிநிலைகளுக்கான) தேர்வுகளை இணையவழியில் நடத்துகிறது. 75 மதிப்பெண்ணுக்கு 50 எடுத்தால் தேர்ச்சி. முந்தையவற்றை எழுதாமல் நேராக ஐந்தாம் கிரேடையே எழுதலாம். அதையோ அதற்கு இணையாக வாரியம் ஏற்கும் தேர்வையோ முடித்தால்தான் கிளாசிக்கல் கிட்டாரில் ஆறாம் கிரேடுக்குப் போக முடியும். டிரினிட்டி என்ற மற்றோர் இசைத் தேர்வு வாரியத்தில் இந்த நிபந்தனை இல்லை. அதற்காகத் தியரியைத் தள்ளிப்போட வேண்டாம். உறவினர்கள் சான்று கேட்டால், இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை முறையாகப் பயின்றவர் என்பதைச் சொல்லுங்கள்.

பட்டம் வேண்டுமென்றால் அருகிலுள்ள அரசு கலைக் கல்லூரி போதும்; எந்தப் பாடம் என்பதை அவனே சொல்லட்டும். இந்த ஆண்டு ஆசிரியர் கட்டணம், தேர்வுக் கட்டணம், பயிற்சி நூல்கள் ஆகியவற்றைத் தவிர வேறெதற்கும், மின்கிட்டாருக்கோ ஆம்ப்புக்கோகூட, பணம் செலவிடாதீர்கள்.