அந்தக் கடதாசிய ஏன் கடைக்கு அனுப்பின?

கேள்வி: அக்கா, நான் கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டம். ஏ எல் பரீட்சை முடிச்சு ரெண்டு வருஷம் ஆகுது. ஒரு நாளைக்கு 20 கஷ்டமான இங்கிலீஷ் சொல்லு, டெஃபினிஷனோட எக்ஸாம்பிள் சென்டன்ஸோட கொப்பியில எழுதிப் பாடமாக்குறேன். 1200 தாண்டிட்டேன். ஆனா போன மாசம் ஹட்டன்ல ஒரு இன்டர்வியூல குடும்பத்தப் பத்திச் சொல்லச் சொன்னாங்க, "மை மதர் இஸ் எ மீகர் வுமன்"னு சொன்னேன், மூணு பேரும் சிரிச்சிட்டாங்க. கொப்பியில மீகர்னா ஸ்மால்னு தான் இருக்கு. வீட்டுலயும் நிம்மதியா படிக்க முடியல. அம்மா தோட்டத்துல 30 வருஷம் வேல செஞ்சு இப்ப வேலைய விட்டு நிக்கப் போறாங்க, ஆபீஸ்ல குடுத்த ஏதோ இங்கிலீஷ் கடதாசியத் தூக்கிட்டு வந்து பக்கத்துல நின்னாங்க, கடை முதலாளிகிட்ட காட்டுங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன். ஒரு நாளைக்கு 30 சொல்லா கூட்டவா? வேற நல்ல லிஸ்ட் இருந்தா சொல்லுங்க.

பதில்: தம்பி, 20ஆ 30ஆன்னு கேட்டு எழுதுறவங்க எனக்கு நெறைய பேர், அதுக்குப் பதில் அப்புறம் சொல்றேன். மீகர் கதைய வாசிச்சு எனக்கும் சிரிப்பு வந்தது, மறைக்கல. கொஞ்சம் கீழ வந்ததும் சிரிப்பு நின்னுட்டு. "ஏதோ" கடதாசியா? 30 வருஷம் வேல செஞ்ச மனுசி நிக்கப் போற நேரத்துல ஆபீஸ்ல குடுக்குற கடதாசி அனேகமா ஈபிஎப்பா (ஊழியர் சேமலாப நிதி) இருக்கும், இல்லாட்டி சேவக்காலக் காசா (கிராஜுவிட்டி) இருக்கும், ரெண்டும் இல்லன்னாலும் அவங்க பேருக்கு வந்தது. 1200 சொல்லு தெரிஞ்ச புள்ள வீட்டுக்குள்ள உக்காந்திருக்க அத வாசிச்சது யாரு, கடை முதலாளி.

நானும் தோட்டத்துல பொறந்தவதான், லயத்து வரிசை வீட்டுக்கும் கடைக்கும் நடுவுல ஓடுற கணக்கு எனக்குத் தெரியும். மாவும் சீனியும் கடன் கொப்பியில எழுதி வாங்குற வீட்டுக்கு எவ்வளவு காசு எப்ப வரப்போகுதுன்னு மகனுக்கு முந்தி கடைக்காரருக்குத் தெரிஞ்சா என்ன நடக்கும்னு நீ யோசிச்சியா? அவரு நல்ல மனுசனாவே இருக்கட்டும், தப்பா சொல்லல. ஆனா அவரு வாசிச்சு எத சொன்னாரோ அதுதான் உங்கம்மாவுக்குக் கடதாசி, சொல்லாம விட்டது கடதாசியிலயே இல்லாத மாதிரி. அப்புறம் இன்னொண்ணு, "பக்கத்துல நின்னாங்க"ன்னு எழுதியிருக்க. மலையில இருந்து வந்த கையோடயா, இடுப்புல கட்டுற படங்காவது அவுத்தாங்களா, உக்காருங்கன்னு ஒரு வார்த்த சொன்னியா? இதெல்லாம் ஒண்ணும் நீ எழுதல, டிஸ்டர்ப் ஆனது மட்டும் ஞாபகமா எழுதியிருக்க.

கோவப்படுறேன்னு நெனைக்காத. நெனச்சாலும் சரி. நானும் இதே வேலைய செஞ்சவதான், அதான் இவ்வளவு சூடு. எங்க அப்பா வேலைய விட்டு நின்னப்ப நான் ஓ எல் கிளாஸ். "கடற்கரையில ஒரு நாள்"னு ஒரு இங்கிலீஷ் கட்டுரைய பாடமாக்கிட்டு இருந்தேன், அது வரைக்கும் கடல கண்ணால பாத்தது கிடையாது. அப்பா ஒரு கடதாசிய காட்டினாரு, நாளைக்குப் பாக்குறேன்பான்னுட்டேன், அவரு விடிஞ்சதும் ஆபீஸுக்குப் போய் கைநாட்டு வச்சிட்டு வந்துட்டாரு. கடைசி வரியில "இன் ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்"னு இருந்திருக்கு, வர வேண்டியது எல்லாம் வந்துட்டு, இனி ஒண்ணும் கேக்க மாட்டேன்னு அர்த்தம். நாலு வருஷ சேவை கணக்குல விடுபட்டது பிறகுதான் தெரிஞ்சது. போய்க் கேட்டா அந்த வரியில விரல வச்சுக் காட்டி அனுப்பிட்டாங்க. கட்டுரைக்கு எனக்கு நல்ல மார்க்ஸ் கெடச்சது.

இப்ப உன் கொப்பிக்கு வருவோம். டெஃபினிஷன் ஒரு சொல்லோட பொருளச் சொல்லும், அந்தச் சொல்லு யாரோட சேரும் யாரோட சேராதுன்னு பெரும்பாலும் சொல்லாது. மீகர்னா போதாத அளவு. சம்பளம் மீகர், சாப்பாடு மீகர், ரேஷன் மீகர். பழைய காலத்துல ஒல்லியான ஆளுக்கும் சொல்லியிருக்காங்க, இப்ப ஒரு பொம்பளைய அப்படிச் சொன்னா சிரிக்கத்தான் செய்வாங்க. உங்கம்மா வாங்கின சம்பளத்துக்குப் பொருந்துற சொல்ல நீ உங்கம்மாவுக்கே வச்சிட்ட. இத புடிச்சுக் குடுக்க வேண்டியது எக்ஸாம்பிள் சென்டன்ஸ், அதுவும் ஒரு சொல்லுக்கு ஒண்ணு பத்தாது, நாலஞ்சு பாத்தாதான் எதோட வருதுன்னு புடிபடும். நீ ஒண்ணே ஒண்ண எழுதுற, அதுலயும் யாரோ ஒரு ராஜா, யாரோ ஒரு ஜோன் வர்றான். அந்த ஜோன் உனக்கு என்ன சொந்தம்?

லிஸ்ட் கேட்ட. 2000ஆம் ஆண்டுல அவெரில் காக்ஸ்ஹெட்ங்கிறவங்க நியூசிலாந்துல ஒரு லிஸ்ட் போட்டாங்க, யுனிவர்சிட்டிப் பாடங்கள்ல திரும்பத் திரும்ப வர்ற சொல்லுகள எண்ணிப் பாத்து 570 சொல் குடும்பமா (ஒரு சொல்லும் அதுல இருந்து வர்ற சொல்லுகளும் சேந்தது ஒரு குடும்பம்) தொகுத்தாங்க, அத வச்சு இன்னைக்கும் படிப்பிக்கிறாங்க. அதுல கான்ட்ரிபியூட் இருக்கு, பெனிஃபிட் இருக்கு, காம்பன்சேட், டெர்மினேட், அக்யூமுலேட் எல்லாம் இருக்கு. இந்த அஞ்சும் உங்கம்மா கையில இருக்குற மாதிரிக் கடதாசிகள்ல சாதாரணமா வர்ற சொல்லு. அட்வான்ஸ்ட் இங்கிலீஷ் உன்னத் தேடி வீட்டுக்கே வந்துச்சு, நீ அத சில்லறைக்கடைக்கு அனுப்பிட்ட.

சரி, கான்ட்ரிபியூட்ட எடு. இலங்கையில 1958ஆம் ஆண்டு ஈபிஎப் சட்டம், இப்ப இருக்குற கணக்குப்படி சம்பளத்துல நூறு ரூபாய்க்கு 8 ரூபா தொழிலாளிகிட்ட இருந்து, 12 ரூபா கம்பனிகிட்ட இருந்து. ஈடிஎப் (ஊழியர் நம்பிக்கை நிதி) தனி, அது 3 ரூபா, முழுசா கம்பனி பொறுப்பு, அம்மா சம்பளத்துல கை வைக்கக் கூடாது. இப்ப எழுது, "மை மதர் கான்ட்ரிபியூட்ஸ் எய்ட் பெர்சென்ட் ஆஃப் ஹர் வேஜஸ் டு த ஃபண்ட்." டு எங்க வருதுன்னு பாத்துக்க, கான்ட்ரிபியூட்னா கூடவே டு. 30 வருஷமா சேந்தது அக்யூமுலேட். கட்ட வேண்டியத கட்டாம விட்டிருந்தா அது அரியர்ஸ், அதுக்கு கடைசியில எஸ் எப்பவும் இருக்கும். உங்கம்மா கணக்குல அரியர்ஸ் இருக்கா இல்லையான்னு உனக்குத் தெரியுமா?

எலிஜிபிள், என்டைட்டில்ட், இந்த ரெண்டையும் பாதிப் பேர் ஒண்ணுன்னு நெனைக்கிறாங்க. எலிஜிபிள்னா தகுதி இருக்கு, பின்னால ஃபார் வரும், நீ அந்த வேலைக்கு எலிஜிபிள், குடுக்குறதும் குடுக்காததும் அவங்க இஷ்டம். என்டைட்டில்ட்னா உரிமை, பின்னால டு வரும், இஷ்டத்துக்கு அங்க எடமில்ல. சேவக்காலக் காசு ரெண்டாவது வகை. 1983ஆம் ஆண்டுச் சட்டம், அஞ்சு வருஷம் முழுசா வேல செஞ்சிருந்தா கெடைக்கும், நாள் சம்பளக்காரருக்கு ஒரு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியா வாங்கின சம்பளக் கணக்குல. 30 வருஷத்துக்கு 420 நாள். நம்பரப் பாத்து சிரிக்காத, கணக்கு அதுதான். வேலைய விட்டு நின்னு 30 நாளுக்குள்ள குடுக்கணும், பிந்தினா மேல சேத்துக் குடுக்கணும். "ஷி இஸ் என்டைட்டில்ட் டு ஃபோர்ட்டீன் டேய்ஸ் வேஜஸ் ஃபார் ஈச் இயர் ஆஃப் சர்விஸ்." இந்த ஒரு சென்டன்ஸ நீ சாகுற வரைக்கும் மறக்க மாட்ட, ஜோன நீ போன வாரமே மறந்திருப்ப.

(அரசாங்க ஆபீஸ்ல இருந்து வர்ற கடிதத்த தமிழ்லயே கேக்க நமக்கு உரிமை இருக்கு, 1988ல வந்த 16வது திருத்தம். அதுக்காக நீ இங்கிலீஷ விட்டுடாத, கேட்டது வந்து சேர்ற வரைக்கும் யாராவது வாசிக்கணும்ல.)

30 சொல்லு வேணாம், 20ம் வேணாம், அந்தக் கடதாசியில தெரியாதது எத்தனையோ அத்தன போதும். புள்ளைய படிக்க வைக்க குளிர்லயும் மழையிலயும் அட்டைக்கடியோட நின்ன தாய் ஒரு கடதாசிய நீட்டினா மகன் கொப்பிய மூடணும், இதுல எனக்கு ரெண்டாவது அபிப்பிராயம் கெடையாது, பழைய காலத்து மனுசின்னு சொன்னாலும் பரவாயில்ல.

இன்னைக்கு அந்தி வேல முடிஞ்சு வந்ததும் தேத்தண்ணி ஊத்திக் குடுத்து அம்மாவ உக்கார வை, கடதாசி இன்னும் கடையில இருந்தா நீயே போய் வாங்கிட்டு வா. ஏதாவது ஃபோர்ம்ல கையெழுத்து கேட்டிருந்தா முழுசா வாசிச்சு முடிக்கிற வரைக்கும் வைக்க விடாத. பிறகு அவங்க ஐடென்டி கார்ட், ஈபிஎப் உறுப்பினர் அட்டையான பி கார்ட், பேங்க் புத்தகம், இந்தக் கடதாசி நாலையும் வரிசையா வச்சு இங்கிலீஷ்ல பேர எழுத்து எழுத்தா ஒப்பிட்டுப் பாரு. நம்ம பக்கம் லெட்சுமின்னு ஒரே பேர ஒரு எடத்துல டீ சீ எச் போட்டும் இன்னொரு எடத்துல கே எஸ் எச் போட்டும் எழுதி வச்சிருப்பாங்க, அதுக்காகவே காசு மாசக்கணக்குல நிக்கும். வித்தியாசம் இருந்தா அம்மா வேலைய விட்டு நிக்கிறதுக்கு முந்தியே ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போய் திருத்தச் சொல்லிக் கேளு, கூடவே நீ நில்லு. நாலுலயும் எப்படி இருந்துச்சுன்னு எனக்கு எழுது.