வில்லிக்கு ஒரு காதலி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் ஜப்பானின் யூரி மாங்காக்களைப் பற்றி, அதாவது பெண்ணும் பெண்ணும் காதலிக்கும் படக்கதைகளைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் நிறையப் பேர் வில்லிகளைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த முறை முழுக்க அவர்கள் ராஜ்ஜியம்.

கேள்வி: வில்லியே நாயகியாக வருகிற யூரி கதைகளைத் தேடித் தேடிப் படிக்கிறேன். திமிர் பிடித்தவள், ஏழைப் பெண்ணைப் படாத பாடு படுத்துகிறவள். ஆனாலும் தங்கமான குணம் உள்ள பெண்ணை விட இவளைத்தான் எனக்குப் பிடிக்கிறது. என்னிடம் ஏதாவது கோளாறா? (கல்லூரி மாணவி, கோவை)

கோளாறெல்லாம் ஒன்றும் இல்லை. ஜப்பானியர்கள் இவளுக்கு வைத்திருக்கிற பெயரைப் பாருங்கள்: அகுயாகு ரெய்ஜோ. ரெய்ஜோ என்றால் பெரிய வீட்டுப் பெண், அகுயாகு என்றால் கெட்டவர் வேடம். கெட்ட பெண் என்று அந்தச் சொல் சொல்லவில்லை, கெட்ட வேடம் கொடுக்கப்பட்ட பெண் என்கிறது. அந்த வேடத்தை அவளுக்குக் கொடுத்தது யார் என்று கேட்கிற இடத்தில்தான் நல்ல கதைகள் தொடங்குகின்றன.

இனோரி எழுதிய ‘வதாஷி நோ ஓஷி வா அகுயாகு ரெய்ஜோ’வை நீங்கள் படித்திருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். 2018-ல் ஒரு இணையத் தொடர்கதையாகத் தொடங்கியது, 2020-ல் ஆவோனோஷிமோவின் ஓவியத்தில் ‘காமிக் யூரி ஹிமே’ இதழில் மாங்காவாக வந்தது, 2023-ல் அனிமே, அதாவது ஜப்பானிய அசைபடத் தொடர் ஆனது. அலுவலக வேலையில் ஓய்ந்துபோன ஒரு பெண், தான் விரும்பி விளையாடிய காதல் வீடியோ விளையாட்டுக்குள் ரே டெய்லர் என்ற சாதாரணக் குடும்பத்துப் பெண்ணாகக் கண் விழிக்கிறாள். எதிரே நிற்பது விளையாட்டின் வில்லி, கிளேர் பிரான்சுவா. விதிப்படி ரே மூன்று இளவரசர்களில் ஒருவனைக் காதலிக்க வேண்டும். அவளோ அவர்களை ஏறெடுத்தும் பார்க்காமல், தன்னை மிரட்டுகிற கிளேரிடமே உங்களைத்தான் பிடிக்கும் என்று சொல்லிவிடுகிறாள். அந்தக் கட்டத்தில் கிளேரின் முகத்தை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். அடுத்தவளை அவமானப்படுத்துவது ஒன்றுதான் அவள் கையில் இருந்த ஆயுதம், அது இவளிடம் பலிக்கவே இல்லை.

இந்தக் கதையை நான் கொண்டாடுவதற்குக் காரணம் வேறு. கிளேர் நிஜமாகவே தப்பு செய்தவள், அதைக் கதை மழுப்பவில்லை. அவள் அகம்பாவம் அவளுடைய தனிக் குணம் மட்டும் இல்லை, ஒரு வர்க்கமே அப்படி வளர்க்கப்பட்டிருக்கிறது, வேலைக்காரியும் குடியானவனும் தனக்காகப் பிறந்தவர்கள் என்று நம்பி வளர்ந்தவள் அவள். (கதையின் பிற்பகுதியைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.) எரிமலை வெடிக்கிறது, பஞ்சம் வருகிறது, அப்புறம் புரட்சி. இதெல்லாம் வரும் என்று ரேவுக்கு முன்பே தெரியும், தப்பிப்பதற்கு வழியும் பணமும் சேர்த்து வைத்திருக்கிறாள், வந்துவிடுங்கள் என்று கெஞ்சுகிறாள். கிளேர் மறுத்துவிடுகிறாள். பிரபுக்குலத்தின் சொகுசை எல்லாம் அனுபவித்தவள் கணக்கு கேட்கிற நாளில் மட்டும் ஓடக் கூடாது என்று, தலைவெட்டும் மேடைக்குப் போகத் தயாராகிறாள். காதல் அவளை நல்லவளாக்கிவிட்டது என்று இதைச் சுருக்கிவிட முடியாது, ஏனென்றால் அந்த முடிவைக் காதலியின் பேச்சை மீறித்தான் எடுக்கிறாள். உங்களுக்கு இவளைப் பிடிப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். தங்கமான பெண் மாறுவதற்கு ஒன்றும் இல்லை, இவளுக்கு மலையளவு இருக்கிறது.

கேள்வி: இப்படி வில்லி வருகிற காதல் விளையாட்டுகள் நிஜமாகவே ஜப்பானில் இருந்தனவா? (வாசகர், சேலம்)

கதைகளில் வருகிற அளவுக்கு இல்லை. பெண்களுக்கான காதல் விளையாட்டுகளில் முதலாவது என்று சொல்லப்படுகிற ‘ஆஞ்சலிக்’கை 1994-ல் கோயெய் நிறுவனம் வெளியிட்டது. அதில் ரோசாலியா என்று ஒரு போட்டியாளர் உண்டு. பெரிய குடும்பம், கர்வம் எல்லாம் இருக்கிறது, ஆனால் பழகினால் தோழியாகிவிடுவாள். நாட்டை விட்டுத் துரத்தப்படுவது, தலை வெட்டப்படுவது போன்றவை பெரும்பாலும் இணைய எழுத்தாளர்கள் சேர்த்தவை. அந்தச் சுருள் சுருளான கூந்தலும் பெரிய வீட்டுத் தோரணையும் 1970-களின் பெண்கள் மாங்காவிலிருந்தே வருகின்றன. 1973-ல் தொடங்கிய டென்னிஸ் கதையான ‘ஏஸ் ஓ நெராயே’வில் வரும் மூத்த வீராங்கனையைப் பார்த்தால் இந்த வில்லிகளின் பாட்டியைப் பார்த்த மாதிரி இருக்கும். அவரோ வில்லியே இல்லை!

கேள்வி: ‘டென்டென் ககுமெய்’ என்ற யூரி கதையில் வரும் யூபிலியாவும் வில்லி வரிசையில் சேர்த்தியா? (வாசகி, தஞ்சாவூர்)

சபை நடுவே யூபிலியா மேல் பழி சுமத்தி இளவரசன் நிச்சயதார்த்தத்தை முறிக்கிறான், அந்த நேரம் பார்த்து இளவரசி அனிஸ்பியா பறக்கும் துடைப்பத்தோடு ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து விழுகிறாள். பிரமாதமான தொடக்கம். ஆனால் யூபிலியா மேல் விழுந்தது வீண்பழி, எனவே அவளை மன்னிக்கிற சங்கடம் நமக்கு வருவதே இல்லை. என்னைப் பொறுத்தவரை, வில்லி என்று ஒருத்தியைக் கொண்டுவந்தால் அவள் ஏதாவது செய்திருக்க வேண்டும். யூபிலியா எனக்கு நெருக்கமானது கதையின் பின்பாதியில்தான். அனிஸ்பியா சிம்மாசனத்தில் சிக்கி மூச்சுத்திணறக் கூடாது என்று, அவளோடேயே மோதி அரசுரிமையைத் தானே எடுத்துக்கொள்கிறாள். அன்புதான், ஆனால் காதலி வேண்டாம் வேண்டாம் என்கிறபோது செய்கிற அன்பு. அது சரியா தப்பா என்று நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

கேள்வி: கெட்டவளைக் காதல் திருத்திவிடும் என்று சொல்வது ஆபத்து இல்லையா? ஆண் வில்லன் என்றால் இதை ஒத்துக்கொள்வோமா? (ஆசிரியை, மதுரை)

நியாயமான கேள்வி. ஆபத்துதான், அப்படிச் சொல்கிற கதைகளும் இருக்கின்றன, எனக்கு அவை பிடிப்பதில்லை. ரேவையே எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்கிறவளைத் துரத்தித் துரத்திக் காதல் சொல்வதைச் சிரிப்பாக்கியிருக்கிறார்கள், ஆரம்ப அத்தியாயங்களில் அது எனக்கு உறுத்தியது, இப்போதும் உறுத்துகிறது.

இதற்குச் சரியான பதில் சொன்ன படைப்பு 1997-லேயே வந்துவிட்டது. இகுஹாரா குனிஹிகோ இயக்கிய ‘புரட்சிப் பெண் உதேனா’. சைதோ சிஹோவின் மாங்கா அதற்கு முந்தைய வருடமே தொடங்கியது, நான் சொல்வது அனிமேவை. அதில் ரோஜா மணமகள் அந்தி ஹிமெமியா, பெயருக்கு அப்பாவி, வாள் சண்டையில் ஜெயித்தவனுக்குப் பரிசாகப் போகிறவள். உண்மையில் அண்ணனின் சூழ்ச்சிகளுக்கெல்லாம் உடந்தை. அதே அண்ணனால் சீரழிக்கப்படுகிறவளும் அவள்தான். இரண்டையும் ஒரே பெண்ணிடம் வைத்திருக்கிறார்கள், ஒன்று மற்றொன்றை ரத்து செய்வதில்லை.

37-ஆவது பகுதியில் நாயகி உதேனாவும் அந்தியும் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார்கள். இந்த பிஸ்கட்டில் விஷம் இருக்கிறது என்கிறாள் உதேனா, சாதாரணக் குரலில். ருசியாக இருக்கிறது, நான் போட்ட தேநீரிலும் விஷம் இருக்கிறது என்கிறாள் அந்தி. பத்து வருடம் கழித்தும் இப்படிச் சிரித்துக்கொண்டு தேநீர் குடிப்போம் என்று அப்புறம் உதேனா சொல்கிறாள். ஒருவருக்கொருவர் துரோகம் செய்துகொண்டது இருவருக்கும் தெரியும், அதை மேஜை மேல் வைத்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். அடுத்த பகுதியிலேயே அந்தி அவளை முதுகில் குத்துகிறாள். உதேனாவின் அன்பு அவளைத் திருத்தவில்லை டீச்சர், வெளியே ஒரு கதவு இருக்கிறது என்று காட்டியது, அவ்வளவுதான். நடந்து போகவேண்டியது அந்தியின் கால்கள்.

கேள்வி: பழைய யூரி கதைகளில் இந்த மாதிரிப் பெண்கள் செத்துப்போவார்களாமே? (வாசகி, நாகர்கோவில்)

ஆமாம். யமகிஷி ரியோகோவின் ‘ஷிரோய் ஹேயா நோ புதாரி’, 1971. பிரான்ஸில் ஒரு விடுதிப் பள்ளி, அடங்காத சிமோன், சாதுவான ரெசின். ஊர் வாய்க்குப் பயந்து ரெசின் விலகிப்போகிறாள், சிமோன் சாகிறாள். பயந்தவள் உயிரோடு இருக்க, பயப்படாதவள் சாக வேண்டியிருந்தது. அதைப் படித்துவிட்டு கிளேர் பிழைத்துக் குடும்பம் நடத்துவதைப் படித்தால் எனக்குக் கண் கலங்கிவிடும்.

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு. இந்தப் புத்தகங்களை ஒளித்து வைத்துப் படிக்கிறாள். இரண்டு பெண்கள் காதலிப்பது ஒரு பக்கம், அதிலும் ஒருத்தி கெட்டவள். எனக்குப் பயமாக இருக்கிறது. (ஒரு அம்மா, பெயர் வேண்டாம்)

அம்மா, திட்டாமல் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ரேவின் கதையில் ஒரு காட்சி இருக்கிறது. நீ பெண்களைத்தான் விரும்புகிறாயா என்று தோழி மீஷா ரேவிடம் நேராகக் கேட்கிறாள். கிளேர் சட்டென்று பின்வாங்குகிறாள், தன் மேல் பாய்ந்துவிடுவாளோ என்கிற மாதிரி. எல்லாப் பெண்கள் மேலும் ஆசைப்படுகிறவர்கள் இல்லை நாங்கள் என்று ரே பொறுமையாக விளக்குகிறாள். அதுவரை கோமாளி மாதிரி இருந்தவள் அந்த நிமிடம் எவ்வளவு களைத்துப்போயிருக்கிறாள் என்று தெரியும். அந்த இடத்தை மகளோடு உட்கார்ந்து படியுங்கள், அவளே பேசுவாள். நீங்கள் கேட்காவிட்டாலும் பேசுவாள். உதேனாவை மட்டும் இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம், அதில் உள்ள கொடுமைகளைத் தாங்க இன்னும் கொஞ்சம் வயது வேண்டும்.

கேள்வி: நான் புதிது. எதிலிருந்து தொடங்கட்டும்? (வாசகர், வேலூர்)

‘டென்டென் ககுமெய்’ அனிமேவில் தொடங்குங்கள், 12 பகுதிகள்தான், லேசாக இருக்கும். பிறகு இனோரியின் கதை. அனிமே பாதியிலேயே நின்றுவிடுகிறது, புரட்சிக்கு நாவலோ மாங்காவோதான் வேண்டும், ஆங்கிலத்தில் செவன் சீஸ் பதிப்பகம் இரண்டையும் போட்டிருக்கிறது. கடைசியாக உதேனா, 39 பகுதிகள், அவசரம் வேண்டாம். முடித்ததும் ஒரு கடிதம் போடுங்கள். அந்தி தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அண்ணனின் மேஜையில் வைக்கிற இடத்தைப் பற்றி யாரிடமாவது விடிய விடியப் பேச வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.