தனியாகப் போனாலும் மேசை உண்டு

தம்பி, சிங்கப்பூர் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, வேலை விஷயமாக அடுத்த வாரம் ஹாங்காங் வருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு வேளையாவது நல்ல சீன உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆசை, ஆனால் கூட வர ஆள் இல்லை. தனியாகப் போனால் ஒரு மாதிரி பார்ப்பார்களா, மாடும் பன்றியும் சாப்பிடாதவனுக்கு அங்கே என்ன கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள்.

தாராளமாகப் போங்கள். நான் இந்த ஊருக்கு வந்து பதினேழு வருடமாகிறது. முதல் இரண்டு வருடம் எனக்கும் இதே தயக்கம்தான். நல்ல உணவகத்தின் வாசல்வரை போய், உள்ளே குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து தயிர் சாதம் சாப்பிட்டிருக்கிறேன். அந்த இரண்டு வருடத்தை வீணாக்கிவிட்டோமே என்று இப்போதும் வருத்தமாக இருக்கும்.

யாரும் உங்களை ஏறிட்டுக்கூடப் பார்க்கப் போவதில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த ஊரின் கான்டனீஸ் சமையலே (தென் சீனச் சமையல்) வட்ட மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்து பகிர்ந்து சாப்பிடுவதற்காக வளர்ந்த சமையல். மீன் என்றால் முழு மீன், வாத்து என்றால் முழு வாத்து. ஒற்றை ஆள் இரவுச் சாப்பாட்டுக்குப் போனால் இரண்டு தட்டிலேயே வயிறு நிறைந்துவிடும். அதனால் மதியம் போங்கள். பெரிய உணவகங்கள் பலவற்றில் டிம் சம் என்ற சின்னச் சின்னப் பலகாரங்கள் மதியம் மட்டும்தான். சின்ன மூங்கில் கூடையில் மூன்று அல்லது நான்கு துண்டுகள் வரும். மூன்று கூடை, ஒரு கீரை, ஒரு சூப். தனி ஆளுக்கு அளவான சாப்பாடு. மெனுவில் சில பதார்த்தங்களுக்கு ‘ஒரு நபருக்கு’ என்று விலை போட்டிருப்பார்கள். அவை உங்களைப் போன்றவர்களுக்கென்றே எழுதியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோர் சீசன்ஸ் ஓட்டலில் இருக்கும் லுங் கிங் ஹீனைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுத்துத் தரம் சொல்லும் மிஷ்லின் கையேட்டின் 2009-ஆம் ஆண்டுப் பதிப்பில், உலகிலேயே மூன்று நட்சத்திரம் பெற்ற முதல் சீன உணவகம் அது. அந்த மாதிரி இடங்களுக்கு முன்பதிவு அவசியம். ‘ஒருவர்’ என்று தயங்காமல் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், தாத்தா பாட்டியோடு மொத்தக் குடும்பமும் வரும் நாள் அது. வேலை நாளில், கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய் உட்காருங்கள். அரைக்கால் சட்டையும் செருப்பும் மட்டும் வேண்டாம்.

நான் முதன்முதலாகத் தனியே போன அன்று பரிமாறிய பெரியவரை இன்னும் மறக்கவில்லை. ஒன்றும் கேட்காமல், எதிரே வைத்திருந்த தட்டையும் கிண்ணத்தையும் எடுத்துவிட்டு, தேநீர்க் குடுவையை என் வலது கைப் பக்கம் நகர்த்தி வைத்தார். அவ்வளவுதான். எதிரே காலித் தட்டு இல்லாமல் போனதும், யாருக்கோ காத்திருப்பது போன்ற அந்த உணர்வும் போய்விட்டது. உங்களுக்கு எடுக்க மறந்தார்கள் என்றால் நீங்களே கேளுங்கள்.

உட்கார்ந்ததும் என்ன தேநீர் என்று கேட்பார்கள். பாலும் சர்க்கரையும் கிடையாது. கறுப்பாக, மண்வாசனையோடு இருக்கும் போ லேய் என் தேர்வு. எண்ணெய்ப் பதார்த்தங்களுக்கு ஏற்றது. அது கனமாகத் தோன்றினால் மல்லிகைத் தேநீர் வாங்குங்கள். குடுவையில் தண்ணீர் தீர்ந்தால் மூடியைக் கொஞ்சம் திறந்து சாய்த்து வையுங்கள், வந்து ஊற்றிவிட்டுப் போவார்கள். கோப்பையில் யாராவது ஊற்றும்போது இரண்டு விரலை மடக்கி மேசையில் மெல்லத் தட்டினால் அதுவே நன்றி. மாறுவேடத்தில் ஊர் சுற்றிய சீனப் பேரரசர் சியென்லுங் தன் ஆட்களுக்குத் தேநீர் ஊற்றினாராம். மண்டியிட்டால் வேடம் கலைந்துவிடும் என்று அவர்கள் விரலை மடக்கி வணங்கினார்களாம். இங்கே எல்லோரும் சொல்லும் கதை இது. நீங்கள் அப்படித் தட்டினால் பரிமாறுகிறவர் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

அப்புறம் பன்றி. இதில்தான் கவனம் வேண்டும், ஏனென்றால் பெயரில் இல்லாத இடத்திலும் அது இருக்கும். ஹா காவ் என்பது இறால் பூரணம் வைத்த கொழுக்கட்டை. கண்ணாடி போன்ற மேல்மாவு, உள்ளே இளஞ்சிவப்பாக இறால் தெரியும். நல்ல கையால் செய்ததென்றால் மடிப்புகள் ஒன்றுபோல இருக்கும், எடுக்கும்போது அடியில் ஒட்டிக் கிழியாது. ஆனால் அந்தப் பூரணத்தில் மென்மைக்காகப் பன்றிக் கொழுப்பு சேர்க்கிற வழக்கம் உண்டு. முள்ளங்கிக் கேக்கில் பன்றித் தொத்திறைச்சி இருக்கும். எக்ஸ்ஓ சாஸ் என்ற காரமான கடலுணவுச் சாஸில் பெரும்பாலும் ஹாம், அதாவது பதப்படுத்திய பன்றித் தொடை, சேர்ந்திருக்கும். கீரைதானே என்று ‘சுப்பீரியர் ஸ்டாக்’ போட்டதை வாங்கினால், அந்தச் சாறே பன்றித் தொடையில் காய்ச்சியது. பூண்டு போட்டு வதக்கிய பட்டாணிக் கீரை கேளுங்கள். அதிலும் சாறு சேர்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மாடு, பன்றி, பன்றிக் கொழுப்பு மூன்றும் ஆகாது என்று முன்பதிவிலேயே எழுதிவிடுவது நல்லது. பெரிய இடங்களில் இதைச் சலிப்பில்லாமல் கேட்டு, ஆகாததை மெனுவில் குறித்தே காட்டுவார்கள்.

இன்னொன்று, நான் பட்ட அனுபவம். ஓர் உணவகத்தில் தொட்டி மீன் ஒன்றைக் கைகாட்டிவிட்டேன். மெனுவில் ‘இன்றைய விலை’ என்று மட்டும் இருந்தது. அந்த விலை ‘கேட்டி’ என்ற இந்த ஊர் எடை அளவுக்கு. ஒரு கேட்டி என்பது சுமார் 600 கிராம். மீன் ஒன்றரைக் கிலோ. ரசீது வந்தபோது அந்த மாதத்துச் செலவுக்கணக்கே தலைகீழானது. மீன் கேட்பதானால் “மொத்தமாக எவ்வளவு ஆகும்?” என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டு அவித்த மீன் துண்டு இருக்கிறதா என்றும் கேட்கலாம்.

சாப்ஸ்டிக் இரண்டு ஜோடி வைத்திருப்பார்கள். ஒன்று பொதுத் தட்டிலிருந்து எடுக்க, ஒன்று சாப்பிட. தனியாக இருக்கும்போது அதைப் பற்றிக் கவலை வேண்டாம். சோற்றில் மட்டும் நட்டு வைக்காதீர்கள், இறந்தவர்களுக்கு ஊதுபத்தி ஏற்றுவது போலாகிவிடும்.

பில் வேண்டுமென்றால் “மாய் டான்” போதும். தேநீருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று தனியாக வரும், முதலில் வைக்கும் கடலைக்கும் ஊறுகாய்க்கும் சேர்த்துப் போடுவதுண்டு. 10 சதவீதம் சேவைக் கட்டணம். சிங்கப்பூரைப் போல ஜிஎஸ்டி இங்கே கிடையாது.

பீகிங் வாத்தை மட்டும் தனியாக இருக்கும்போது கேட்காதீர்கள். அதற்கு மூன்று பேராவது வேண்டும். கடைசி நாள் இரவு உங்களுக்கு வேலை இல்லையென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், நானும் என் கணவரும் வருகிறோம்.