எலிக்குட்டி மூளையில் பக்கவாதம்: ஸ்கேன் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: பக்கவாதம் வயதானவர்களுக்கு வருவதுதானே? புதிதாகப் பிறந்த எலிக்குட்டிகளிடம் எதற்கு ஆராய்கிறார்கள்?

பதில்: மனிதக் குழந்தைகளுக்கும் வருகிறது, சில ஆயிரம் பிரசவங்களில் ஒன்றுக்கு. கை கால் விழுந்தது அந்த வயதில் எளிதில் தெரியாது. பெரும்பாலும் முதல் சில நாட்களில் வலிப்பு வந்த பிறகே சந்தேகம் எழும். மூளை ரத்தக்குழாயில் அடைப்பு எந்த மணிக்கு ஏற்பட்டது என்று அப்போது சொல்ல முடியாது. எலிக்குட்டியில் அந்த நேரம் ஆராய்ச்சியாளர் கையில் இருக்கிறது.

கேள்வி: அடைப்பை எப்படி உண்டாக்குகிறார்கள்?

பதில்: பொதுவாக 7 முதல் 10 நாள் வயதுக் குட்டிகள். அதன் மூளை வளர்ச்சி நிறைமாதக் குழந்தைக்கு ஏறக்குறைய ஒப்பு. 1981இல் வந்த ரைஸ்–வன்னுச்சி முறையில் கழுத்து வழியே மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியை ஒரு பக்கம் கட்டிவிட்டு, 8% ஆக்சிஜன் உள்ள காற்றில் குட்டியை வைப்பார்கள். இதையும் பக்கவாதம் என்றே சிலர் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது மூச்சுத்திணறிப் பிறக்கும் குழந்தையின் பாதிப்புக்குத்தான் நெருக்கமானது. நடு மூளைத் தமனியை மெல்லிய இழையால் அடைத்து, சிறிது நேரம் கழித்து உருவிவிடுவதுதான் பக்கவாதத்தைச் சரியாகப் போலச் செய்கிறது.

கேள்வி: எம்.ஆர்.ஐ.யில் என்ன தெரியும்?

பதில்: ரத்தம் நின்ற சில நிமிடங்களில் செல்கள் வீங்கி, நீர் மூலக்கூறுகளின் நடமாட்டம் குறைகிறது. டிஃப்யூஷன் படம் அந்தக் குறைவைத்தான் பிடிக்கிறது. பாதித்த இடம் பளிச்சென்று தெரியும். டி2 படத்தில் (திசுவில் நீர் கூடியிருப்பதைக் காட்டும் இன்னொரு வகை எம்.ஆர்.ஐ. படம்) மாற்றம் தெரியச் சில மணி நேரமாவது ஆகும். போதாததற்கு, புதிதாகப் பிறந்த குட்டியின் மூளையில் இயல்பாகவே நீர் அதிகம், நரம்பிழைகளைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையான மையலின் குறைவு. எல்லாமே வெளிறித் தெரிவதால் டி2வில் வேறுபாடு காண்பது சிரமம்.

கேள்வி: சில நாள் கழித்து எடுத்தால் டிஃப்யூஷன் அளவு இயல்பாக இருக்கிறதே, குணமாகிவிட்டதா?

பதில்: இல்லை, இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். செல்கள் சிதையச் சிதைய நீர் மறுபடி தாராளமாக நகரும். குறைந்திருந்த அளவு ஏறி வரும் வழியில் இயல்பான எண்ணைக் கடக்கும். அந்த நாளில் மட்டும் ஸ்கேன் எடுத்தவர், கொடுத்த மருந்து வேலை செய்தது என்று எழுதிவிடலாம். ரத்தம் திரும்பியதும் அளவு சரியாகி, ஒரு நாளுக்குள் மறுபடி சரிவதும் உண்டு. ஆகவே ஒரே குட்டியைப் பல நேரங்களில் எடுக்க வேண்டும். டி2வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: குட்டி அசையாதா?

பதில்: ஐசோஃப்ளுரேன் மயக்கத்தில்தான் எடுப்பார்கள். அதைவிடப் பெரிய தொல்லை உடல் வெப்பம். அவ்வளவு சிறிய உடம்பு சட்டென்று குளிர்ந்துவிடும். குளிர்ச்சியோ மூளையைக் காக்கும். மூச்சுத்திணறிப் பிறந்த குழந்தைகளுக்கு 33–34 டிகிரியில் 72 மணி நேரக் குளிர்விப்பு ஒரு சிகிச்சையாகவே இருக்கிறது. வெப்பத்தைக் கவனிக்காத ஆய்வில் பாதிப்பு குறைந்தது மருந்தாலா, குளிராலா என்று பிரிக்க முடியாது.

கேள்வி: மூளையை வெட்டிப் பார்த்தால் போதாதா?

பதில்: கடைசியில் அதுவும் வேண்டும்; எந்தச் செல் செத்தது என்பதை நுண்ணோக்கிதான் காட்டும். ஆனால் வெட்டினால் ஒரு குட்டிக்கு ஒரு நேரம்தான் கிடைக்கும். அப்புறம், இழை சரியாக அடைக்காத குட்டிகளும் இருக்கும். அடைப்பு இருக்கும்போதே ஒரு டிஃப்யூஷன் படம் எடுத்தால் அவற்றை மருந்து கொடுப்பதற்கு முன்பே விலக்கிவிடலாம்.