எல்ஜிபிடி (ஒருபால் ஈர்ப்பினர், இருபால் ஈர்ப்பினர், திருநர்) இளையோருக்குத் துணை நிற்பவர்களை மலேசியாவில் யாராவது கௌரவிக்கிறார்களா?

அரசு விருதை எதிர்பார்க்காதீர்கள். பொன்னாடை, மாலை, டத்தோ கையால் கேடயம் என்று நம் மண்டபங்களில் நடப்பதும் இவர்கள் பக்கம் வருவது அபூர்வம்.

மரியாதை வெளியிலிருந்துதான் வந்தது. கோலாலம்பூரில் திருநங்கையர் உரிமைக்காக உழைக்கும் நிஷா அயூப்புக்கு 2016இல் அமெரிக்க வெளியுறவுத் துறை அனைத்துலக வீரப் பெண்மணி விருது கொடுத்தது. அதைப் பெற்ற முதல் திருநங்கை அவர்.

சரி, உள்ளூரில்? 2018இல் பினாங்கு ஜோர்ஜ்டவுன் விழாவின் புகைப்படக் கண்காட்சியில் அவர் தேசியக் கொடியோடு இருக்கும் படம் வைத்திருந்தார்கள். சமய விவகார அமைச்சர் எடுக்கச் சொன்னார், கழற்றிவிட்டார்கள்.

அமைப்பு என்றால் பிடி (PT) பவுண்டேஷன். 1987இல் எச்ஐவி குறித்த தொலைபேசி ஆலோசனையாகத் தொடங்கியது. அப்புறம், பிள்ளை தான் எல்ஜிபிடி என்ற உண்மையைச் சொன்ன அன்றும் தட்டில் சோறு போட்டு “முதலில் சாப்பிடு” என்ற சித்திகள். அவர்களுக்கு யார் கேடயம் கொடுப்பது?